சூடு இறங்கும் நேரம்

ஆகஸ்ட் 3

கடைக்கு லீவு. காலையிலேயே அலைச்சறுக்குப் பலகைக்குக் கண்ணாடி இழைத் துணி ஒட்டினேன். தெர்மோகோலைச் செதுக்கி முடிக்கவே ஒரு மாதம் பிடித்தது. துணியை விரித்து, காய்ந்தால் இறுகிப்போகும் ரெசின் பசையை ஊற்றி, அட்டையால் இழுத்துவிட்டேன். செல்போன் கடையில் ஸ்க்ரீனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கை இது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒரு குமிழ் விழாது என்று.

கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பலகை முழுக்கக் குமிழ்.

சக்கர நாற்காலியில் என் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். "உங்க பலகைக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள். சிரித்துத் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 4

"குமிழ் இருந்தா மிதக்காதா, மச்சான்?" என்று கேட்கிறான் அவள் தம்பி. குமிழ் உடைந்தால் தண்ணீர் உள்ளே போகும், துணி உரிந்துவிடும். அவனுக்கென்ன!

என் மனைவி நின்றுகொண்டே அலையில் சறுக்கிப் போனவள். நோய் வந்து கால்கள் செயலிழந்த பிறகு கடல் பக்கமே கூட்டிப்போக விடவில்லை. இப்போது அவளாகவே கேட்டாள்: "படுத்துக்கிட்டாவது ஒரு தடவை." அதற்குத்தான் இந்த அகலப் பலகை, இரண்டு பக்கமும் கைப்பிடி.

அடுத்தது கை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 9

மறுபடியும். பழைய துணியை உரித்து, தேய்த்து, காலையில் புதிதாக ஒட்டினேன். இந்தத் தடவை விடவில்லை, அழுத்தி அழுத்தித் தள்ளினேன். ஒன்றைத் தள்ளினால் பக்கத்தில் இரண்டு. அழுத்திய இடத்தில் ரெசின் வற்றி, துணி வெளுத்துப் போச்சு. எங்கேயிருந்துதான் வருது இது? வெயில் ஏற ஏற, என் கண்ணெதிரே ஒவ்வொண்ணா எழும்பி வருது — நான் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறேன். எதுக்கு இந்தக் கை எனக்கு?

ஆகஸ்ட் 10

ஸ்பூனைத் தவறவிட்டாள். "வழுக்கிடுச்சு" என்றாள். வழுக்கவில்லை.

ஆகஸ்ட் 14

திரும்பத் தேய்த்ததில் பலகை இளைத்துவிட்டது. "என்னை மாதிரியே" என்றாள்.

படுக்கைப் புண் வராமலிருக்க அவளுக்குக் காற்று மெத்தை. அதைத் தட்டிக் காட்டினாள்.

"மத்தியானம் ஆனா இது உப்பிக்குது. சாயங்காலம் தொய்ஞ்சிடுது. நீங்க கவனிச்சதே இல்லையா?"

"அதுக்கென்ன இப்போ?"

"உங்க தெர்மோகோலுக்குள்ளயும் காத்துதானே? காலையில ஒட்டினா, சூடு ஏற ஏற அது வெளிய வரத்தான் பார்க்கும். சூடு இறங்கற நேரத்துல ஒட்டுங்க. ரொம்ப அழுத்தாதீங்க."

போனுக்குள்ளிருந்து காற்று வராது. வெளியே மாட்டிக்கொண்ட காற்றைத் தள்ளித்தான் எனக்குப் பழக்கம். உள்ளேயிருந்து வருவது என்று தோன்றவே இல்லை. நாள் முழுக்க அந்த மெத்தைமேல் கிடக்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. அழுகை வந்தது, குளியலறைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 16

நேற்றே மெல்லிசாக ரெசின் பூசித் தெர்மோகோலின் சின்னத் துளைகளை அடைத்து வைத்திருந்தேன். இன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தேன். ரெசினை நுரைக்காமல் மெதுவாகக் கலக்கினேன். அவள் வாசலில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். "வால் பக்கம்... போதும், விடுங்க. துணி அதுவே குடிச்சுக்கும்." குடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 17

ஒன்றுகூட இல்லை! துணி இருக்கிற இடமே தெரியவில்லை. சாயங்காலம் அடுத்த பக்கம்.

ஆகஸ்ட் 24

கடல். மிதவைச் சட்டை போட்டு, நானும் அவள் தம்பியும் தூக்கிப் பலகையில் குப்புறப் படுக்கவைத்தோம். இடது கை கைப்பிடியில் நிற்கவில்லை. விரல்களை மடக்கி வைத்தேன், பிரிந்துகொண்டன. மறுபடி மடக்கி, மேலே என் கையை வைத்து இறுக்கினேன். சின்ன அலை ஒன்று வந்தது.

"அழுத்தாதீங்க" என்றாள். "விடுங்க."

விட்டேன்.

ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கரைவரைக்கும் போனாள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வாயெல்லாம் மணலோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20

பலகையை அவள் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். அவள்தான் வைக்கச் சொன்னாள். "நல்லா ஒட்டியிருக்கீங்க" என்று இன்றைக்கும் சொன்னாள். அடுத்த தடவை எப்போது என்று அவள் கேட்கவில்லை.

வலது கையும் டம்ளரைப் பிடிக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் குடித்தாள்.