நடுச்சுவர் இருக்கட்டும்

வில்லாபுரம்
12.4.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

“இனிமே எதுக்கு அந்தச் சுவரு, இடிச்சுருவோம்” என்று நீங்கள் சொன்னதாக நம் மச்சான் நல்லகாமன் வந்து சொன்னார். வேண்டாம்.

நீங்கள் அதை எழுப்பியதில் எனக்குக் கோபம் இல்லை. என் மகளுக்குக் காசநோய், உங்கள் வீட்டிலும் பிள்ளைகள். உங்கள் இடத்தில் நானென்றால் இன்னும் ஒரு முழம் உயர்த்தியிருப்பேன். ஆனால் தெற்கே கண்மாயை மேடாக்கி வீடுகள் கட்டிய பிறகு, எங்களுக்குக் காற்று உங்கள் முற்றம் வழியாகத்தான் வந்தது. கடையில் மிளகாய் மூட்டையைக்கூடக் காற்றுக்கு இடம்விட்டுத்தான் அடுக்குகிறேன். அவளுக்கு அது வாய்க்கவில்லை.

சோலையம்மாள் உங்களைக் குறை சொன்னதில்லை. காலை வெயிலுக்கு அந்தச் சுவரில்தான் சாய்ந்திருப்பாள். “பெரியப்பா நமக்குச் சாய்மானம் கட்டிக் குடுத்திருக்காகப்பா, வாடகை கேட்டுறப் போறாக” என்று சிரிப்பாள்.

அவளுடைய பாயையும் துணிகளையும் ஆஸ்பத்திரியில் சொன்னபடி எரித்துவிட்டோம். சுவரில் அவள் தலை பட்ட இடம் மட்டும் எண்ணெய் ஊறிக் கருத்திருக்கிறது. அவள் அம்மா இப்போது அங்கேதான் தலை சாய்க்கிறாள்.

உங்கள் பக்கம் வெள்ளையடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஆள் அனுப்ப வேண்டாம்.

உங்கள் தம்பி