மூணாவது மாடி லிஃப்ட்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அக்காவும் மாப்பிள்ளையும் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம்தான், ஆனால் அதை அவர் வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அப்பா ஏன் போனில் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டாய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் மழுப்பிவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து மனுஷர் வாயடைத்துப் போனார். ஊரில் அவர் வாயைத் திறந்தாலே நாலு பேர் சிரிப்பார்கள், ஆனால் அந்தப் பேச்செல்லாம் வயலும் வரப்பும் ஆடும் மாடும்தானே. இங்கே எதிர்வீட்டுக்காரரிடம் விதையை வைத்து ஒரு கேலி சொன்னார், அவர் பாவம், அதைப் பால்கனித் தொட்டியில் போடலாமா என்று கேட்டார். விளக்கம் சொல்லிச் சிரிக்கவைப்பதைவிட ஊருக்கே போய்விடலாம், நீ வேண்டுமானால் மகளோடு இரு, நான் தனியாகப் போகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று ராசா, திருகினால் தண்ணீர், கீழே தையற்கடையில் பட்டன் தைக்கிற வேலை, கூடப் பேசிச் சிரிக்க ஆள். ஆனால் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவரை எப்படித் தனியாக அனுப்புவது, அனுப்பிவிட்டு நான்தான் எப்படி இருப்பது.

அப்போதுதான் லிஃப்ட் வழக்கம்போல மூணாவது மாடியில் நின்றுபோனது. எல்லோரும் மூட்டை முடிச்சோடு படியேறுகிறோம், சுவருக்குப் பாதி பெயின்ட் அடித்துவிட்டு மீதியை மறந்துபோன குடியிருப்புச் சங்கச் செயலாளரும் கூடவே ஏறுகிறார். வேலையைப் பாதியில் போடுகிறவரை அப்பா நடுவயல் மாடு என்பாரே, அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே மாட்டை அவிழ்த்துவிட்டு, இவர் மூணாவது மாடி லிஃப்ட் என்று ஒரு போடு போட்டார். படி முழுக்கச் சிரிப்பு, முதலில் சிரித்ததே செயலாளர்தான். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு அதே பேச்சு, வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டு ஓடுகிற பிள்ளைக்கும் அதுதான் பெயர். அப்பாவுக்கு மீசைக்குள்ளேயே சிரிப்பு, ஊருக்குப் போகிற பேச்சை மட்டும் விடவில்லை.

அப்புறம் வந்தது வினை. நம் வாட்ச்மேன் அதை மொட்டைமாடி மோட்டார் என்று மாற்றிவிட்டான். தண்ணீர் பாதி ஏறும்போதே நின்றுவிடுகிறதாம், அதனால் அதுதான் பொருத்தமாம். கேட்டதும் உன் அப்பா செருப்புகூடப் போடாமல் இறங்கினார், நான் பின்னாலேயே ஓடினேன். மாட்டை லிஃப்டாக மாற்றியது தான்தான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவன் முகத்துக்கு நேரே, "தம்பி, நம்ம பில்டிங்ல அப்படிச் சொல்ற வழக்கமே கிடையாது" என்றார். இத்தனை மாதமாக என்னிடம் உன் மகள் வீடு, இவங்க கட்டடம் என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷர். எனக்கு அழுகை முட்டிவிட்டது, நான் சிரிக்கிறேன் என்று நினைத்து என்னிடமும் கோபித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவரிடமே போனைக் கொடுக்கச் சொல். எது சரி என்று கேட்பார், யோசிக்காமல் லிஃப்ட்தான் என்று சொல்லிவிடு. நான் மோட்டார் கட்சி, அது நமக்குள் இருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா