சிவப்பு வளையம் போட்ட செடிகள்

உப்பளம், புதுவை
11-10-1959

அன்பு மகன் ஜானகிராமனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த மலைக்காட்டுக் குளிரிலும் அட்டைக்கடியிலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். உன் கடுதாசி புதன்கிழமை வந்தது. உன் தங்கை அஞ்சலாட்சி என் கையிலிருந்து பிடுங்கி உரக்கப் படித்தாள். யானையும் காட்டெருமையும் மேய்ந்துவிட்டுப் போன செடிகளில் ஓடையோரத்து வரிசை மட்டும் இரண்டு பங்கு தழைத்திருக்கிறது என்றும், அதிகாரி உன்னைத் தட்டிக்கொடுத்து, இந்த மாதக் கடைசியில் உன் துளிர்க் கணக்கை டேராடூன் காட்டு ஆராய்ச்சி ஆபீசுக்கு அனுப்பி அச்சில் போடச் சொல்லப்போகிறார் என்றும் அவள் படிக்கப் படிக்க உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எம்புள்ள எழுதுனது பொஸ்தகத்துல வரப்போவுது என்று தெரு முழுக்கச் சொல்லிச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செடியைப் பார்க்கும் கண் எங்க அப்பா கொடுத்தது என்று அதிகாரியிடம் சொன்னதாகக் கடைசியில் எழுதியிருந்தாயே, அதைக் கேட்க முடியாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஓடையோரத்து வரிசையில் பதினோரு செடியை வெட்டியவன் நான். சித்திரையில் வந்து உன்னோடு பத்து நாள் இருந்தேனே, அப்போதுதான். அடித்தண்டில் செவப்பு வளையம் போட்டது எதையும் தொடாதீங்கப்பா, மிருகம் கடிச்சது கடிச்சபடி இருக்கணும், மாசா மாசம் எத்தினி துளிர் வருதுன்னு எண்ணணும் என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். எனக்கென்ன காது செவிடா? நீ ரேஞ்சு ஆபீசுக்குப் போன இரண்டு நாளும் சும்மா உட்கார முடியவில்லை. யானை முறுக்கி ஒடித்த கிளைகளில் பட்டை நார் நாராகத் தொங்கியது. முப்பது வருஷம் சர்க்கார் தோட்டத்தில் கவாத்துக் கத்தரியோடு திரிந்தவன், பிய்ந்த கிளையைப் பார்த்தால் கை பரபரக்கும், பாழாய்ப்போன கை. கத்தரியும் பையில் இருந்தது. கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டிவிட்டேன். உன் வாட்சர் மாதன், வேணாங்க பெரியவரே, சார் கோவப்படுவாரு என்று தடுக்கத்தான் செய்தான். அட போப்பா, நான் அவனப் பெத்த அப்பன், நீ வாயத் தொறக்காத என்று அதட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பயம் வந்து, வெட்டுவாய் வெள்ளையாகத் தெரியாமல் இருக்க ஓடைச் சேற்றை எடுத்துப் பூசினேன். வெட்டியதாவது கைப்பழக்கம், சேறு பூசியது திருட்டுத்தனம்.

யானை பிய்த்த கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து தூரில்தான் துளிர் வெடிக்கும், அதற்கும் நாள் பிடிக்கும். காட்டெருமை நுனி கடித்தது பக்கத்தில் ஒன்றிரண்டு துளிர் விடும். நான் வெட்டியதோ மழை விழுந்ததும் கணுவுக்கு இரண்டாகக் கிளைத்திருக்கும். நீ எண்ணிச் சந்தோஷப்பட்ட துளிரெல்லாம் என் கத்தரி விட்ட துளிர்தான். ஆடியிலேயே அந்த வரிசை செழிப்பு என்று நீ எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். பெற்ற பிள்ளையிடம் பேச்சு வாங்க வெட்கம், வேறென்ன. பின்னால் யாராவது அங்கே வந்து எண்ணிப் பார்த்து உன்னைப் பொய்யன் என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருப்பேன்?

அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார். மிருகம் கடித்த இடம் நசுங்கிப் பிசிறாக இருக்கும், என்னுடையது வழுவழுவென்று ஒரே சாய்வாக இருக்கும். அதையெல்லாம் கணக்கிலிருந்து அடித்துவிடு. அச்சில் வராவிட்டால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை, அது உன் இரண்டு வருஷ உழைப்பு. அதிகாரி கேட்டால் என் பெயரைச் சொல், மாதன் தலையில் விழ விடாதே, அவன் தடுத்தான்.

அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவாமல் காட்டுக்குள் போகாதே. நூறு வயசு நன்றாக இரு. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் சொல்வேன். முன்னால் சொன்னால் போடாதீங்க என்பாள், நானும் அதுதான் சாக்கென்று போடாமல் இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத அப்பா
கலியமூர்த்தி