ஹால்டோர் கீழே விழவில்லை

ஹோல்மர் பே, மானிடோபா
திங்கட்கிழமை

என் மகன் தாராசுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம். வியன்னாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊர் ரொட்டி கல் மாதிரி இருக்கும் என்று பாதிரியார் சொன்னார். பல்லைப் பார்த்துக்கொள், மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான்.

ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பைக்கான அணியின் பட்டியலை வானொலியில் படித்த காலையிலிருந்து ஊருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. தடுப்பாட்டக்காரர்கள் பெயரை அந்த ஆள் ஒவ்வொன்றாக மென்று மென்று படித்தான். கடைசி இடம் ஒன்று பாக்கி. அது உனக்கா, எதிர்வீட்டு எய்னருக்கா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உன் பெயரைச் சொன்னான். உன் அப்பா மேசையில் குத்திய குத்தில் முட்டைத் தட்டு எகிறித் தரையில் விழுந்தது. நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டில் எய்னரின் அம்மா சிக்ரிட் அத்தை திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று தொடங்கியதுதான். ஐஸ் மைதானத்துக் காப்பிக்கடையில் இப்போது இரண்டு பக்கம். கதவுப் பக்கம் எய்னர் கட்சி, அடுப்புப் பக்கம் நம் கட்சி. முடிவெட்டுகிற லார்ஸ்தான் அவர்களுக்குத் தலைவன். "எய்னர் இந்த வருஷம் எத்தனை கோலுக்கு வழி பண்ணிக் குடுத்தான் தெரியுமா? உங்க தாராஸ் என்னத்தைப் பண்ணினான், நாலு மூக்கை உடைச்சான்" என்று காப்பி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறானாம். அதற்கு நம் கட்சி ஸ்டீவ், "ரஷ்யாக்காரன் மோத வந்தா உங்க எய்னர் ஒதுங்கி நின்னு கும்பிடு போடுவான்டா, வழி விடறதுக்கு ஆள் எடுத்தா நிச்சயம் கூப்பிடுவாங்க" என்றிருக்கிறான். லார்ஸ் கொதிக்கிற காப்பியை அவன் மடியில் கொட்டினான். ஸ்டீவ் அவன் காதைக் கடித்துவிட்டான். தையல் போட்டிருக்கிறது. லார்ஸ் கட்டுப்போட்ட தலையோடு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் ஆட்களுக்கு முடி வெட்ட மாட்டேன் என்று அறிவித்துவிட்டான். நம் பக்கத்து ஆண்களெல்லாம் இப்போது கரடி மாதிரி திரிகிறார்கள்.

நம் வாசலில் யாரோ மீன் குடலை வாளியோடு கவிழ்த்துவிட்டுப் போனார்கள். யார் என்று எனக்குத் தெரியும், லார்ஸின் பெண்டாட்டி. வழித்தெடுத்து அதே வாளியில் போட்டு அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். கூட்டுறவுக் கடையில் அந்த அம்மாளே எதிரே வந்து, "உங்க பிள்ளையை ஆடறதுக்கு எடுக்கலயாமே, அடியாளா எடுத்திருக்காங்களாமே" என்றாள். என் கையில் பீட்ரூட் ஊறுகாய் ஜாடி இருந்தது. பிறகு இல்லை. அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் கொலை நடந்த இடம் போலிருந்தது. இரண்டு ஜாடிக்கும் விலை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டாவது குறி தப்பி அலமாரியில் பட்டது.

சிரிக்காதே. சனிக்கிழமை ராத்திரி பீர் கடை வாசலில் ஸ்டீவின் தம்பியை மூன்று பேர் மட்டையால் அடித்திருக்கிறார்கள். முழங்கை நொறுங்கிவிட்டது. அவன் தச்சு வேலை செய்கிறவன். நீ ஆடுவதா எய்னர் ஆடுவதா என்பதற்கு அவன் கை என்ன பாவம் செய்தது?

உன் அப்பாவும் எய்னர் அப்பா ஹால்டோர் மாமாவும் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷம் ஜோடி சேர்ந்து தடுப்பாட்டம் ஆடியவர்கள். ஆனால் புதன்கிழமை மூத்தவர்கள் ஆட்டத்துக்கு இன்னும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள். இவர் ஹாரன் அடிக்கிறார், அவர் பையைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டு ஏறிக்கொள்கிறார், இரண்டு பேரும் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். தனியாகப் போனால் தோற்றதாக ஆகிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம் போலிருக்கிறது. இந்தப் புதன்தான் கடைசி ஆட்டம். அதற்குப்பின் ஐஸை உருக்கி மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். அதோடு எல்லோருக்கும் சூடு தணியும் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி உள்சட்டையைப் போடு.

உன் அம்மா
நெட்டி

---

ஹோல்மர் பே
சனிக்கிழமை

தாராஸ்,

இதைத் தனியாக இருக்கும்போது படி. அறையில் வேறு யாராவது இருந்தால் வெளியே போய்ப் படி. ஹோட்டலுக்கு இரண்டு முறை போன் போட்டேன். எடுத்தவன் ஜெர்மனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டான். அதனால் மர்வினிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆட்டம் பார்க்க நம் ஊரிலிருந்து வருகிற கூட்டத்தோடு நாளைக்கு அவன் விமானம் ஏறுகிறான். பயணமே வேண்டாம் என்றுதான் இருந்தான். நான்தான் போகச் சொன்னேன். அவன் ஏன் உன் முகத்தைப் பார்க்கமாட்டான் என்பது கீழே வரும்.

ஹால்டோர் மாமா வின்னிபெக் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கண் திறக்கவில்லை. மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். அடித்தது உன் அப்பா.

புதன்கிழமை ஆட்டத்தில் இரண்டு பேரையும் எதிரெதிர் அணியில் போட்டிருக்கிறார்கள். அந்த அறிவு கெட்ட யோசனை யாருடையது என்று இப்போது ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. மூத்தவர்கள் ஆட்டத்தில் மோதக்கூடாது என்பது விதி. ஹால்டோர் மூலையில் உன் அப்பாவின் மட்டையிலிருந்து ரப்பர் தட்டைப் பறித்துக்கொண்டு போகும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்: "ஆடத் தெரிஞ்ச பிள்ளையை வீட்ல உக்கார வெச்சிட்டு, ரஷ்யாக்காரனைக் கடிக்க ஒரு நாயைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நாயை வளர்த்தவன் இங்க ஆடறான் பாருங்கடா!" அவர் பக்கத்துப் பெஞ்சு முழுக்கக் குரைத்ததாம். லார்ஸ் கட்டுப்போட்ட தலையோடு நின்றுகொண்டு ஊளையிட்டானாம்.

உன் அப்பா கையுறையைக் கழற்றி எறிந்தார். ஹால்டோரும் எறிந்தார். இதை யாரும் மறுக்க முடியாது, அவரும் எறிந்தார். தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டார்கள். இரண்டு பேரும் கையுறையை எறிந்துவிட்டால் ஒருத்தன் கீழே விழும்வரை யாரும் குறுக்கே போகக்கூடாது. அது உங்களுக்கெல்லாம் வேதம். மட்டையைப் பிடிக்குமுன்பே அதைத்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு நடுவர் மர்வின், விசில் அவனிடம். அவன் பின்னால் சறுக்கிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் வட்டமாக நின்று மட்டையால் ஐஸைத் தட்டினார்கள்.

ஹால்டோர் விழவில்லை, தாராஸ்.

உன் அப்பா எப்படி அடிப்பார் என்று உனக்குத் தெரியும், உனக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இடது கையால் எதிராளியின் சட்டையை மார்போடு கொத்தாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்துவது. முதல் இரண்டு குத்திலேயே அந்த மனிதருக்கு நினைவு போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். அவரை நிற்க வைத்திருந்தது உன் அப்பாவின் இடது கைதான். கால் இரண்டும் தொளதொளவென்று ஐஸில் இழுபட்டுக்கொண்டிருந்ததாம். தலை பின்னால் போய்ப் போய் வந்ததாம். அவர் தாக்குப்பிடிக்கிறார் என்று நினைத்து அவர் கட்சிக்காரர்கள், "விடாத ஹால்டோர், நில்லு, நில்லு!" என்று கத்தியிருக்கிறார்கள். விழும்வரை மர்வின் காத்திருந்தான். உன் அப்பாவும் விழும்வரை காத்திருந்தார், குத்திக்கொண்டே. கடைசியில் சட்டை கிழிந்தது. அவர் ஐஸில் விழுந்த சத்தம் காப்பிக்கடை வரைக்கும் கேட்டது. நான் அங்கேதான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து பார்த்தபோது மூக்கும் வாயும் ஒன்றாகிப் போயிருந்தது. காதிலிருந்து வந்த இரத்தம் ஐஸில் பரவி உறைந்துகொண்டிருந்தது.

அப்போதும் யாரோ, "நேர்மையான சண்டைதான்" என்றான். அவன் வாயில் அறைந்தேன். யார் என்று கூடப் பார்க்கவில்லை.

அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போய் மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வழக்கு என்ன ஆகும் என்பது ஹால்டோர் பிழைப்பதைப் பொறுத்தது என்று வக்கீல் சொல்லிவிட்டார். உன் அப்பா சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது, டாக்டரிடம் காட்ட வரமாட்டேன் என்கிறார். பேசுவது ஒரே வாக்கியம்தான். "அவன் விழவே இல்லையே, நெட்டி." திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். தட்டை அவர் தலைக்கு மேல் சுவரில் அடித்து உடைத்தும் பார்த்தேன். திரும்பவும் அதையேதான் சொல்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிக்ரிட் அத்தை என்னை உள்ளே விடமாட்டாள் என்று நினைத்தேன். விட்டாள். நாற்காலியைக்கூட என் பக்கம் நகர்த்திப் போட்டாள். பிறகு, "போகும்போது ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே போனாங்க" என்றாள்.

இனி முக்கியமான விஷயம். நேற்று வானொலியில் சொன்னார்கள், உனக்கு அங்கே முன்பே தெரிந்திருக்கும். உங்கள் அணியில் ஒருவனுக்குப் பயிற்சியில் கணுக்கால் முறிந்துவிட்டது. அந்த இடத்துக்கு எய்னரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு இடத்துக்காக ஒரு ஊரே ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டதே, கடைசியில் இரண்டு பேருக்கும் இடம் இருந்திருக்கிறது.

சேதி வந்த ஒரு மணி நேரத்தில் எய்னர் நம் வீட்டுக்கு வந்தான். அவன் அப்பாவின் ஆட்டப் பை இன்னும் நம் வண்டியின் பின்னால்தான் கிடந்தது. ஈரத்துணியெல்லாம் உறைந்து பலகையாகிவிட்டிருந்தது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். உள்ளே வா என்றேன், வரவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக உன் அப்பாவைப் பார்த்தான். அவர் தலை நிமிரவில்லை. "மாமா வயசானவரு, அவரை நான் தொடமாட்டேன் அத்தை" என்றான். பிறகு மெதுவாக, "தாராஸ்கிட்ட சொல்லிடுங்க. முதல் நாள் பயிற்சியிலயே நான் கையுறையைக் கழட்டுவேன். அவனும் கழட்டட்டும்" என்றான். குரலில் கோபமே இல்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் சொன்னான். அவன் என் மடியில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் தன் அப்பாவைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறான். மர்வின் அவனுக்கு முன்னால் வந்துவிடுவான். அதற்காகத்தான் இந்த அவசரம்.

எய்னர் உன்னை ஜெயிக்க மாட்டான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ஹோல்மர் பேயில் கைக்குழந்தைக்கும் தெரியும். நீ அடிப்பாய் என்றுதான் உன்னை எடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் மேல் நான் ஜாடியை எறிந்ததற்குக் காரணம் அவள் சொன்னது உண்மை என்பதுதான். உன் இடது கை தானாகப் போய் அவன் சட்டையைப் பிடிக்கும். சுற்றிலும் நிற்கிற உன் தோழர்கள் மட்டையால் ஐஸைத் தட்டுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்க அங்கேயும் ஒரு மர்வின் இருப்பான்.

அதனால் சொல்கிறேன். கையுறையைக் கழற்றாதே. அவன் அடிக்கட்டும். முதல் அடியிலேயே விழுந்துவிடு. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் விழு. பயிற்சியாளர் பார்க்கட்டும், பத்திரிகைக்காரன் படம் எடுக்கட்டும். விழுந்தவனை அவன் தொடமாட்டான், அவ்வளவு தூரம் அவனை நான் அறிவேன். எழுந்திருக்காதே. கோழை என்பார்கள், அணிச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பட்டும். லார்ஸ் குரைக்கட்டும். நீ சின்னப் பையனாக ஐஸில் விழுந்தபோதெல்லாம் தடுப்புப் பலகையை உதைத்து, எழுந்திருடா எழுந்திருடா என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். அதே வாயால்தான் இப்போது விழு என்கிறேன்.

சிக்ரிட்டுக்கு ஒரே ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரத்தான் உடம்பில் தெம்பு இருக்கிறது, தாராஸ்.

ஆண்டவர் உன் இரண்டு கையையும் கட்டிப்போடட்டும்.

அம்மா