கவிழ்த்த குடம்

9-4-1946, செவ்வாய்
மகள் ரூத்துக்கு மறுபடி எலும்புக் குடைச்சல். கண்ணெல்லாம் மஞ்சள். அருப்புக்கோட்டை டாக்டர் முதலில் மலேரியா என்றார். போன மாதம் வாதம் என்றார். பிள்ளைக்கு வயது பத்து. அடுத்த முறை மூப்பு என்பார் போலும்.

என் மனைவி சவுந்தரம் வாசலில் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளைக்கு இந்த வலி வந்த வீட்டுக்கு இந்தத் தெருவின் ஏற்பாடு அது. தண்ணீர் எடுப்பவர்கள் முதல் குடத்தை அந்த வீட்டு அண்டாவில் ஊற்றிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஓயாமல் குடிக்கக் கொடுத்து, தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தால் சில பிள்ளைகள் எழுந்துவிடுகின்றன.

சில.

10-4-1946
சபைக் குருவானவர் ஐயர் வந்தார். உபதேசியாரான என் வீட்டு வாசலிலேயே அஞ்ஞான வழக்கமா என்று வருத்தப்பட்டார். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் அப்போதுதான் குடத்தோடு வந்தாள். "தண்ணிக்கு ஏதுங்கய்யா வேதம்? வெயில்ல வந்திருக்கீக. ஒரு செம்பு குடிச்சிட்டுத் திட்டுங்க."

குடித்தார். திட்டுவதை மறந்துவிட்டார்.

12-4-1946
கருத்தம்மாள் மகள் ஆவுடைத்தாய்க்கும் வலி. அங்கேயும் குடம் கவிழ்ந்துவிட்டது. கிணற்றில் அடிமண் தெரிகிறது. தெரு கூடி ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தது.

"பாதித் தண்ணியில ரெண்டும் போயிரும்லே" என்றார் தெருப் பெரியவர் நல்லகண்ணு. எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பேசிப் பிழைக்கும் நானும்.

இரு வீட்டிலும் அழுகை. எது யாருடையது என்று தெரியவில்லை.

13-4-1946
எதிர்வீட்டில் அழுகை நின்றுவிட்டது. குடம் நிமிர்ந்திருக்கிறது.

"வலி விட்டுருச்சுங்க. கண்ணசந்து கெடக்கா. எல்லாத்தையும் ரூத்துக்கே ஊத்தச் சொல்லிட்டேன்" என்றாள் கருத்தம்மாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

14-4-1946
ஆவுடைத்தாய் போய்விட்டாள்.

வலி விடல. அழுற தெம்புதான் விட்டுப் போயிருக்கு. பெத்தவளுக்குத் தெரியல — எனக்கு? எதுக்கு அம்புட்டு அவசரமா ஸ்தோத்திரம் சொன்னேன்?

18-4-1946
ரூத் எழுந்து கூழ் கேட்டாள். பிறகு, "ஆவுடை ஏம்ப்பா வரல?"

21-4-1946
ஈஸ்டர். உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கித்தேன். நன்றாக இருந்ததாம்.

சாயங்காலம் தெரு கூடிப் புது ஏற்பாடு செய்தது: வலி வந்த வீட்டார் இனித் தாங்களாகக் குடத்தை நிமிர்த்தக் கூடாது. எதிர்வீட்டார் உள்ளே வந்து, பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, அவர்கள்தான் நிமிர்த்த வேண்டும்.

எங்களுக்கு எதிர்வீடு கருத்தம்மாள்.

3-6-1946
ரூத் தெருவில் நொண்டி விளையாடுகிறாள். "இவளுக்குத்தான் நல்லாயிருச்சே மதினி, நிமித்திருங்க" என்றாள் சவுந்தரம்.

கருத்தம்மாள் ரூத்தை உட்கார்த்தி, கை, கால், முட்டி என்று தொட்டுப் பார்த்தாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள்.

"அழுகலைன்னா நல்லாயிருச்சுன்னு அர்த்தமா?"

தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். குடம் கவிழ்ந்தபடியே இருக்கிறது.

ரூத் சத்தமில்லாமல் தூங்கினால் நான் எழுப்பிவிடுகிறேன்.