நாற்பதில் போனால் மாவு தளும்பாது

அனுப்புநர்:
ரா. செண்பகவல்லி,
மாவு அரைக்கும் தொழில்,
தாராவி, மும்பை.

பெறுநர்:
திரு. பத்ரிநாராயணன் அவர்கள்,
நெடுஞ்சாலை வேகக் கண்காணிப்பு அதிகாரி,
செம்பூர், மும்பை.

பொருள்: நெருள் செல்லும் நெடுஞ்சாலையில் நெரிசல் நேரத்தில் நாற்பதுக்கு மேல் எவரையும் போகவிடக் கூடாது எனக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சீக்கிரம் போக வேண்டும், ஆகவே வேகத்தைக் குறையுங்கள் என்று தங்களிடம் கேட்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தயவுசெய்து முழுவதும் வாசிக்கவும்.

1. தினமும் காலையில் நான்கு டிரம் இட்லி மாவை மூன்று சக்கர டெம்போவில் ஏற்றி, பின்னால் நானும் மூடிகளைப் பிடித்தபடி உட்கார்ந்து, நெருளில் டிபன் கடை நடத்தும் ஷ்யாமளா மாமிக்குக் கொண்டுபோகிறேன்.

2. சென்ற மாதம் தாங்கள் வேகம் 40 என்று மின்பலகை வைத்து, பத்து நாள் காவலரையும் நிறுத்தினீர்கள். எல்லோரும் முனகிக்கொண்டே நாற்பதில் போனார்கள். யாரும் எங்கும் நிற்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் நெருள். ஒரு சொட்டு மாவு சிந்தவில்லை.

3. காவலர் போய்விட்டார், பலகை மட்டும் எரிகிறது. இப்போது அவரவர் எழுபதில் பாய்ந்து, உடனே பிரேக் பிடிக்கிறார்கள். அதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் பிடிக்கிறார். கடைசியில் அத்தனை பேரும் நிற்கிறோம். நெருள் சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. அதற்குள் மாவு புளித்துப் பொங்கி, ஒவ்வொரு பிரேக்குக்கும் மூடியைத் தள்ளிக்கொண்டு என் மடியில் இறங்குகிறது. செவ்வாய்க்கிழமை சேலையில் இருந்ததை வழித்திருந்தால் ஆறு தோசை வார்த்திருக்கலாம்.

4. "செண்பகம், இது மாவா, சோப்பு நுரையா? இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பாக்கெட் மாவு வாங்கிப்பேன்" என்று மாமி சொல்லிவிட்டார். இந்த ஒரு கடையை நம்பி என்னோடு மூன்று பெண்கள் அரைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

5. ஆகவே காவலரை மறுபடி நிறுத்துமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். முதலில் கண்டிக்க வேண்டிய ஓட்டுநரையும் சொல்லிவிடுகிறேன். பெயர் ராஜபாண்டி. முன்னால் ஒரு முழம் இடம் தெரிந்தால் போதும், வண்டியை முறுக்குவார். அடுத்த நொடி பிரேக். நாற்பதில் போகச் சொன்னால், "நாப்பதுலயா? சைக்கிள்காரன் சிரிப்பாம்லா" என்பார். எங்கள் டெம்போவை ஓட்டுபவர் அவர்தான். என் கணவர். வீட்டில் தங்கமான மனிதர்.

6. இந்த மனுவைக் கொடுத்துவிட்டுத் தங்கள் எதிரே நிற்பவரும் அவரே. இந்திப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. தாங்கள் தமிழர் என்று விசாரித்துத்தான் தமிழில் எழுதியிருக்கிறேன். லாரிக்காரர்கள் மேல் புகார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சீருடை சொன்னால் கேட்பார். இப்போதே, நாலு பேர் காதில் விழும்படி எச்சரித்து அனுப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் ஐயா. நான் தங்கள் அலுவலக வாசலில் டெம்போவில் மூடிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடம்: மும்பை
நாள்: 16.10.2025

நாற்பதை மதிக்கும்,
ரா. செண்பகவல்லி