அப்பா படத்துக்குப் பக்கத்தில்

பாபநாசம்,
ஞாயிறு.

அன்புள்ள தம்பி பகலவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். செம்மொழியை வயிற்றுப் பிள்ளையோடு அலையவிடாதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இதோடு உள்ள இரண்டு படங்களையும் நீ போன் திரையில் பார்க்காமல் தாளில் பார்க்க வேண்டும். அதனால்தான் சிங்கப்பூர் திரும்பும் நம் தெரு கோவிந்தராசு கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா படத்திறப்பு நெருங்கிவிட்டது. அப்பாவுடைய பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதால் அம்மா படமும் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். சொன்ன வாய்க்கு இப்போது அனுபவிக்கிறேன். ஸ்டூடியோவில் கேட்டால், பின்னால் தாமரைக் குளம் வைத்துக் கலரில் தருகிறோம் என்கிறார்கள். வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே என்று நானே உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்ததில் அம்மா முகம் பச்சையாக வந்தது. கலர் மைகளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறதாம் இந்தச் சனியன். கறுப்பு மை மட்டும் போதும் என்று மாற்றினால் கன்னமெல்லாம் ரவையைத் தூவினது மாதிரி புள்ளி. பளபளப்பில்லாத தாள் வாங்கி வந்து எடுத்தேன். டியூப் லைட்டில் நன்றாக இருந்தது, வாசல் வெயிலில் பார்த்தால் ஊதா. ஒருவழியாக நிறம் அடங்கியது. ஆனால் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவராகவே நின்றது. கொஞ்சம் இருட்டாக்கினால் மொத்தமாக இருண்டது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. உன் அத்தான் நடவுக்கு ஆள் தேடி அலைந்துவிட்டு வந்து, இன்றைக்குச் சோறு உண்டா இல்லை மைதானா என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஆத்திரத்தில் அப்பா படத்தை ஸ்கேன் செய்து, அதே மையில், அதே தாளில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அப்பாவின் கறுப்புச் சட்டை வேறு, கறுத்த கழுத்து வேறு என்று தெரிகிறது. கன்னத்துக் குழிகூட விழுந்திருக்கிறது. பிரிண்டர் மேல் குற்றமில்லை தம்பி. நீ அனுப்பிய அம்மா படத்தில்தான் குற்றம்.

உன் கல்யாண பேனருக்காக வயலில் வைத்து எடுத்த படம் அது. பெண் வீட்டார் பார்ப்பார்கள் என்று போனிலேயே அம்மாவை வெளுப்பாக்கினாய். சுருக்கத்தையும் நெற்றித் தழும்பையும் அழித்தாய். அழித்த இடத்தில் நான் எதை வரவழைப்பது? அன்றைக்கு மண்டப வாசலில் அந்த பேனரைப் பார்த்துவிட்டு அம்மா என்னிடம், உங்க அப்பா பக்கத்தில் இருக்கிற இந்தப் பொம்பளை யாரும்மா என்று மெதுவாகக் கேட்டது. நான் சிரித்தேன். அது சிரிக்கவில்லை.

நீ கைவைக்காத முதல் படம் உன் பழைய போனில் இருக்கும். தேடி உடனே அனுப்பு. உனக்கு லீவு கிடைக்காது, வர முடியாது. சரி. அம்மாவையாவது அனுப்பி வை. வெயிலில் நாற்று நட்டுக் கறுத்த முகத்தோடு அனுப்பு. திரையை விலக்கும்போது, அது ராசம்மாள்தான் என்று தெரு ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

செம்மொழிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். பிள்ளை அம்மா நிறத்தில் பிறந்தால், ஒன்றும் செய்யாமல் அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா
கயல்விழி